காரின் பீடிங்கும் டேஷ்போர்டும்: எதைப் பூசலாம், எதைப் பூசவே கூடாது

ஈரமான வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி இழுத்துப் பாருங்கள். துணியில் பழுப்பாக வந்தால் அது மண். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் திரும்பத் திரும்பக் கறுப்பாகவே வந்தால் அது மண் இல்லை. ரப்பரின் மேல்தோல் சிதைந்து, அதில் கலந்திருக்கும் கரித்தூள் பிடிப்பிழந்து உதிர்கிறது. முதலாவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். இரண்டாவதை எந்த பாட்டிலாலும் பழையபடி ஆக்க முடியாது. இருப்பதை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘ரெஸ்டோரர்’ என்ற பெயரில் விற்கும் பெரும்பாலான திரவங்கள் ரப்பரையோ வினைலையோ மீட்பதில்லை. மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்தி, வெளுத்த பரப்பில் ஒளி சிதறுவதைக் குறைத்து, கறுப்பாகக் காட்டுகின்றன. பார்வைக்கு அது போதும், அதில் தவறும் இல்லை. காய்ந்து இறுகிய ரப்பருக்குள் ஊறிப்போய் அதை இளக்கிவிடும் என்று நம்பி வழிய வழிய ஊற்றும்போதுதான் கேடு தொடங்குகிறது. இந்த வேலையில் முக்கால் பங்கு, எந்தப் பொருள் எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் காரணத்தை விலக்கி வைப்பது. பூசுவதெல்லாம் மீதிக் கால் பங்குதான்.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல

கதவு பீடிங், டிக்கி பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவை பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். இதன் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஓசோன் வாயு தாக்குவது இரட்டைப் பிணைப்பைத்தான் என்பதால், வெயிலிலும் காற்றிலும் இது பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உறிஞ்சி ஊதிக்கொள்ளும். எண்ணெய், பெட்ரோல் செல்லும் இடங்களில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் நேர் எதிர்: எண்ணெய்க்கு அசையாது, ஓசோனுக்குச் சீக்கிரம் வெடிக்கும். எஞ்சின் மவுண்ட்டிங்கிலும் சஸ்பென்ஷன் புஷ்களிலும் பெரும்பாலும் இயற்கை ரப்பர். அதற்கு எண்ணெயும் ஆகாது, ஓசோனும் ஆகாது.

பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவின் ஓரம், கதவின் அடிப்பகுதியில் கிளாடிங் என்ற கறுப்பு உறைப்பட்டை ஆகியவற்றைப் பலரும் ரப்பர் என்றே நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் இபிடிஎம் கலந்தவை. கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் சுருக்கப்பெயர் அச்சாகியிருக்கும். டேஷ்போர்டு, கதவின் உள்பக்கப் பேனல் போன்றவற்றிலும் இதே குறியைத் தேடலாம். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் அதைப் பார்த்துவிடுவதே நல்லது.

வினைல் என்பது பிவிசி. தண்ணீர்க் குழாயாக வரும் விறைப்பான அதே பிளாஸ்டிக்தான். அதை மென்மையாக்குவது உள்ளே கலக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன், குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பிவிசியை இப்படி இளக்கும் வழியைக் கண்டார். இன்றைய ரெக்ஸின் சீட்டும் டேஷ்போர்டு உறையும் அந்த வழியில் வந்தவைதாம். பிளாஸ்டிசைசர் பிவிசியோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, இடையில் தங்கியிருக்கிறது. அதனால் வெயில் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும். மூடிய காரின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் படியும் எண்ணெய்ப் படலத்தில் ஒரு பங்கு, டேஷ்போர்டை விட்டுப் போன இந்தத் திரவம். போனதைத் திரும்ப உள்ளே செலுத்தும் பூச்சு எதுவும் இல்லை. வினைல் சுருங்குவதும் இறுகுவதும் கடைசியில் கோடாகப் பிளப்பதும் இந்த இழப்பால்தான்.

கெடுப்பவை எவை

ஓசோன் வெடிப்பை அடையாளம் காண்பது எளிது. ரப்பர் எந்தத் திசையில் இழுபடுகிறதோ, அதற்குக் குறுக்கே மெல்லிய கோடுகளாக வரும். மடிப்பிலும் வளைவிலும் முதலில் தோன்றும். இழுபடாத இடத்தில் அநேகமாக வராது. ஆகவே பழைய ரப்பரைக் கழற்றி வைப்பவர்கள் மடித்தோ தொங்கவிட்டோ வைக்காமல், தளர்வாக, இருட்டில், மோட்டார் ஓடாத வெல்டிங் நடக்காத அறையில் வைக்க வேண்டும். மின்பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் உண்டாகும்.

வெளிப்புறப் பாகங்களுக்குப் புற ஊதாக் கதிரும் ஓசோனும் எதிரிகள். உள்ளே நிலைமை வேறு. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது என்பதால், புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பொதுவாக ஒற்றைக் கண்ணாடி. நீளலை புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கை உள்ளே விடும். டேஷ்போர்டைக் கொல்வது முதன்மையாகச் சூடு. வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் வேகமாக வெளியேறும், பிவிசி மெல்லச் சிதையத் தொடங்கும். அடியில் இருக்கும் பாலியூரித்தேன் நுரையிலிருந்து கசியும் அமீன்கள் அந்தச் சிதைவைத் தூண்டவும் செய்யும். எனவே டேஷ்போர்டுக்கு விலையுயர்ந்த பூச்சு வாங்குவதற்கு முன் முன்கண்ணாடியை மறைக்கும் மடிப்புத் திரை ஒன்று வாங்குங்கள். எந்தப் பூச்சைவிடவும் அதுதான் டேஷ்போர்டின் ஆயுளைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சிலிக்கோன் எண்ணெய் ரப்பரைக் கெடுக்குமா

ரப்பரைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் வழக்கு இது. சிலிக்கோன் எண்ணெய் கார்பன் சார்ந்த ரப்பர்களோடு வினைபுரிவதில்லை. அதில் கரைவதும் இல்லை, அதை ஊத வைப்பதும் இல்லை. பழி சிலிக்கோன் மேல் விழுந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் அது கரைந்திருக்கும் பெட்ரோலியக் கரைப்பான். கண்ணாடிபோல் தெளிவாக, வழுவழுப்பாக, மண்ணெண்ணெய் வாடையோடு, லேபிளில் தீப்பற்றும் எச்சரிக்கையோடு இருக்கும் டிரெஸ்ஸிங் (கறுப்பும் பளபளப்பும் தரப் பூசும் திரவம்) கரைப்பான் வகை. அது ரப்பருக்குள் நுழைந்து, ஓசோனைத் தடுக்க ஆலையில் கலந்த மருந்தையும் மெழுகையும் கரைத்து வெளியே கொண்டுவரும். பூசிய அன்று கன்னங்கரேலென்று ஜொலிக்கும், நாளடைவில் வெடிப்பு காட்டும். பால்போல் வெள்ளையாக, நீர்த்து இருப்பது தண்ணீர் வகை. உள்ளேயும் வெளியேயும் இந்த வகையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

சிலிக்கோனுக்கு வேறு தொல்லைகள் உண்டு. பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்தில் அதன் தடம் இருந்தால் புதுப் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி ‘மீன்கண்’ விழும். ஸ்டீயரிங், பெடல், சீட், டயரின் தரை தொடும் பரப்பு ஆகியவற்றில் பட்டால் வழுக்கும். அது உயிர் சம்பந்தப்பட்டது. பாகமே சிலிக்கோன் ரப்பராக இருந்தால் சிலிக்கோன் எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது, அது ஊதிவிடும்.

வாசலின் வேண்டாம், அது பெட்ரோலிய ஜெல்லி. இபிடிஎம்மை மெல்ல ஊத வைக்கும். டீசல், மண்ணெண்ணெய், துரு இளக்கும் ஸ்ப்ரே எல்லாம் அதே கணக்கு. சமையல் எண்ணெய் ரப்பரைச் சட்டென்று கெடுக்காது. ஆனால் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து பிசினாகி, தூசியைப் பிடித்து, அந்தத் தூசியே உப்புத்தாள்போல் தேய்க்கத் தொடங்கும். ஷூ பாலிஷிலும் கரைப்பானும் மெழுகும்தான். மழை பட்டால் கறுப்பு வழிந்து பெயிண்டில் கறை விடும்.

கதவு பீடிங்

காரில் அதிகம் உழைத்தும் குறைவாகக் கவனிக்கப்படும் பாகம் இதுதான். ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் நசுங்கி, விட்டதும் எழ வேண்டும். கெடுவது மூன்று வழியில்: மண் சேர்ந்து உராய்ந்து தேய்வது, கதவின் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது கிழிவது, நசுங்கிய நிலையிலேயே தங்கிப்போவது.

சுத்தம் செய்ய, 1 லிட்டர் தண்ணீரில் கார் ஷாம்பு 5 மி.லி. போதும். துணியை நனைத்துப் பிழிந்து, பீடிங்கின் இதழ்களைப் பிரித்து உள்மடிப்பு வரை துடைக்க வேண்டும். மண் அடைந்து கிடந்தால் முதலில் உலர்ந்த மென்பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள்; ஈரமாக்கித் தேய்த்தால் மணல் கீறும். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, அதன் பிறகு உலர்ந்த துணி. பீடிங் மோதும் எதிர்ப்பக்கத்தையும், அதாவது கதவுச் சட்டத்தின் பெயிண்டையும் துடைக்க மறக்காதீர்கள். பாதி அழுக்கு அங்கேதான் இருக்கும்.

நன்றாக உலர்ந்த பிறகு சிலிக்கோன் கிரீஸ். விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து அரை மீட்டர் நீளத்துக்கு இழுக்க வேண்டும். நான்கு கதவும் டிக்கியும் சேர்த்து 10 கிராமைத் தாண்டினால் அதிகம் பூசுகிறீர்கள் என்று பொருள். 15 நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். தொட்டால் கையில் பிசுபிசுக்கக் கூடாது. விரல் மட்டும் வழுக்கிப் போக வேண்டும். கிளிசரின் சார்ந்த ரப்பர் பராமரிப்புத் திரவமும் நல்லதே. பனிக்காலத்தில் கதவு உறைந்து ஒட்டாமல் காக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்து போகும் என்பதால் அடிக்கடி பூச வேண்டும். ஸ்ப்ரே வடிவில்தான் இருக்கிறது என்றால் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக அடித்தால் பாதி இருக்கையிலும் பெயிண்டிலும்தான் போய் விழும். கிரீஸை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை பூசினால் போதும்.

பீடிங் சரியாக அடைக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டே போதும். 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்தி, மெல்ல இழுங்கள். பிடிப்போடு வர வேண்டும். 15 செ.மீ. இடைவெளியில் கதவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தால், எங்கே வழுவழுவென்று உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே கசிவு. இன்னொரு வழி: பீடிங்கின் மேல் டால்கம் பவுடரைத் தடவி, கதவைச் சாத்தித் திறந்து, சட்டத்தில் விழுந்த அச்சு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியும் என்பதால் இது எனக்கு இன்னும் நம்பகமாகப் படுகிறது.

கசிவு இருந்தால் உடனே புது பீடிங் வாங்க ஓடாதீர்கள். கதவு தொங்கிப்போனதாலோ பூட்டு மாட்டும் கொண்டி விலகியதாலோ கூட இருக்கலாம். கொண்டியைச் சுற்றி டேப் ஒட்டி அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, திருகுகளைச் சற்றே தளர்த்தி, 1 மி.மீ. உள்ளே தள்ளி இறுக்கிப் பாருங்கள். ஒரே தடவையில் 3 மி.மீ. தள்ளினால் கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்தும். பீடிங் இன்னும் வேகமாக நசுங்கும்.

தட்டையாகிப்போன பீடிங்கை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றி 10 நிமிடம் விட்டால் கொஞ்சம் எழும். நிரந்தரமாக எழாது. உட்கூடு உள்ள பீடிங்காக இருந்தால், கசியும் இடத்தில் மட்டும் அந்தக் கூட்டுக்குள் மெல்லிய நுரைக் கயிறையோ மிருதுவான சிறு குழாயையோ சோப்புத் தண்ணீர் தடவி நுழைக்கலாம். இதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. பீடிங்கில் ஆங்காங்கே இருக்கும் சிறு துளைகளை ஓட்டை என்று எண்ணிப் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். கதவு சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வைத்த துளைகள் அவை. அடைத்தால் பீடிங் பலூன்போல விறைத்து, கதவு சாத்தக் கடினமாகும்.

ஓரம் கிழிந்த சிறு இடத்துக்கு சூப்பர் குளூ போதும். இரண்டு பக்கத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரே ஒரு துளி வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பசை காய்ந்தால் விறைப்பாகும், ஆகவே வளைந்து நசுங்கும் இடத்தில் வேண்டாம். நீளமாக விட்டுப்போயிருந்தால் பீடிங்குக்கென்றே விற்கும் ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரப் பசையோடு சேர்ப்பதுதான் பிரிந்து வருவதற்கு முதல் காரணம். 24 மணி நேரம் கதவை அதிகம் திறந்து சாத்த வேண்டாம்.

புதிதாக மாட்டுவதென்றால் ஒரே விதி: இழுத்து மாட்டாதீர்கள். இழுபட்ட ரப்பர் சில வாரத்தில் தன் நீளத்துக்குத் திரும்பும், இணைப்பில் இடைவெளி விழும். பழைய பசையைச் சுரண்டி, விளிம்பில் துரு இருந்தால் அதற்கான வேலையை முடித்து, பழைய பீடிங்கின் இணைப்பு எங்கே இருந்ததோ அங்கிருந்தே தொடங்கி, மூலைகளில் சற்று உள்நோக்கித் தள்ளியபடி ரப்பர் சுத்தியலால் தட்டிப் பொருத்துங்கள். வெட்டிப் பொருத்தும் வகையென்றால் கடைசியில் 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருக்கும்படி செருகுங்கள்.

கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம் வேறு சங்கதி. அதன் உள்பக்கம் வெல்வெட்போல மெல்லிய இழைகள் நட்டிருக்கும். அங்கே கிரீஸ் வைத்தால் தூசி குழைந்து சேறாகி, கண்ணாடியில் செங்குத்தாகக் கோடு விழும், பவர் விண்டோ மோட்டார் திணறும். பிளாஸ்டிக் அட்டை ஒன்றில் ஈர மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிப் பள்ளத்துக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்து, துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உலர்ந்த பிறகு, காய்ந்து படியும் வகை சிலிக்கோன் ஸ்ப்ரே இரண்டு விநாடி அடித்து, கண்ணாடியை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் போதும். மெதுவாக ஏறும் கண்ணாடிகளில் பலவும் இதிலேயே சரியாகும்.

வெளுத்த பம்பரும் கிளாடிங்கும்

வெளுப்பது என்பது நிறம் போவது மட்டுமல்ல. மேலே இருந்த பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரால் அரிக்கப்பட்டுப் போய், நுண்ணிய வெடிப்பும் உள்ளிருந்த நிரப்புத் தூளும் வெளியே தெரிகின்றன. சில சமயம் அது வெளுப்பே இல்லை, பாலிஷ் போடும்போது படிந்த மெழுகு. மென்பிரஷும் ஆல்கஹாலும் கொண்டு தேய்த்தால் மெழுகு போய்விடும். அடுத்த முறை பாலிஷ் போடும் முன் கிளாடிங் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஹீட் கன் கொண்டு சூடாக்கினால் கண்முன்னே கறுப்பாக மாறும். மேற்பரப்பு லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் வரும் மாற்றம் அது. புதிதாக எந்தப் பாதுகாப்பும் சேர்வதில்லை, சில மாதத்தில் திரும்ப வெளுக்கும். ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் கொஞ்சம் சிதையும். ஓர் இடத்தில் இரண்டு விநாடி அதிகம் நின்றால் வடிவம் நெளியும், பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீடிப்பது, காய்ந்து இறுகும் கோட்டிங் வகை. இதில் வெற்றி தோல்வி முழுக்க முன்வேலையில் இருக்கிறது. ஆல்-பர்பஸ் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து, பிரஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை செய்ய வேண்டும். பழைய டிரெஸ்ஸிங் இருந்தால் நுரை பழுப்பாகவே வரும். பிறகு முழுமையாக உலர வேண்டும். இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பாதி வேலையில் வழிந்து கோடு போட்டுவிடும். ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. நிழலில், பரப்பு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, சிறு பஞ்சில் சில துளிகள் மட்டும் விட்டு, கதவு கிளாடிங் ஒன்றுக்கு 1 முதல் 2 மி.லி. கணக்கில் மெல்லப் பரப்புங்கள். ஒரு நிமிடம் கழித்து, தேங்கிய இடங்களைத் துணியால் சமன் செய்யுங்கள். மிகவும் வெளுத்த பிளாஸ்டிக் முதல் பூச்சைக் குடித்துவிடும். 1 மணி நேரம் கழித்து இரண்டாவது. ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. திட்டுத் திட்டாக வந்தால் காரணம் பெரும்பாலும் பழைய டிரெஸ்ஸிங் முழுதாகப் போகாதது. பெயிண்டில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டேஷ்போர்டும் ரெக்ஸினும்

டேஷ்போர்டுக்குப் பளபளப்பு தருவது அழகு என்று எண்ண வேண்டாம். அது முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். மங்கலான பூச்சு தரும், புற ஊதாத் தடுப்பு கலந்த, தண்ணீர் வகைத் திரவம்தான் சரி. துணியில் அடித்து, பரப்பித் தடவி, உலர்ந்த துணியால் முழுக்கத் துடையுங்கள். நேரே அடித்தால் சுவிட்சுக்குள்ளும் திரைக்குள்ளும் இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தையும் மெலமைன் ஸ்பாஞ்சையும் இங்கே கொண்டுவராதீர்கள். அந்த ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு சேர்த்து வினைலின் வரிவடிவத்தையும் எடுத்து, ஒரு திட்டு மட்டும் மினுமினுக்க விட்டுவிடும்.

பிசுபிசுக்கும் பாகங்களுக்குக் காரணம் இரண்டு. சுவிட்ச், கைப்பிடி போன்றவற்றின் மேல் அடித்த மென்தொடு பூச்சு, ஈரத்தாலும் வயதாலும் சிதைந்து பசையாவது ஒன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தேய்த்தால் கறுப்புப் பிசினாகத் திரண்டு வரும். முழுக்க எடுத்துவிட்டால் அடியில் உறுதியான பிளாஸ்டிக் இருக்கும், அப்படியே பயன்படுத்தலாம். இன்னொன்று, வினைலிலிருந்தே பிளாஸ்டிசைசர் கசிவது. அதற்கு மிதமான சோப்புத் தண்ணீரால் அவ்வப்போது துடைப்பது தவிர வழியில்லை. சில வாரத்தில் திரும்ப வரும்.

ரெக்ஸின் சீட்டைக் கெடுப்பது வியர்வையும் உடல் எண்ணெயும் வெயில் கிரீமும். முதுகும் தொடையும் படும் இடம் மட்டும் முதலில் இறுகுவதைக் கவனித்தால் புரியும். மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரும் மென்பிரஷும் போதும். தையல் வரிசையில் மட்டும் தண்ணீர் ஊறவிடாதீர்கள். சிறு கிழிசலுக்கு, கிழிந்த வாய் வழியாக அதைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிய துணித் துண்டை உள்ளே செருகி, வளையக்கூடிய வினைல் பசையால் ஒட்டி, மேலே வினைல் ஃபில்லரை மெல்லிய அடுக்குகளாக நிரப்ப வேண்டும். ஒரே அடுக்காகத் தடிமனாக வைத்தால் நடுவில் குழிந்து சுருங்கும். டேஷ்போர்டு வெடிப்புக்கும் இதே முறைதான். ஆனால் முதலில் வெடிப்பின் இரு முனையிலும் 2 மி.மீ. துளை போட்டு அது நீளாமல் நிறுத்தி, மேலே சுருண்ட விளிம்பைச் சீவி எடுக்க வேண்டும். ஃபில்லர் காய்ந்ததும் 240, பிறகு 400 எண் உப்புத்தாளால் சமன் செய்து, வினைல் பெயிண்டை 20 முதல் 25 செ.மீ. தொலைவிலிருந்து, 10 நிமிட இடைவெளியில், மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடிக்கலாம். பல ஆண்டு டிரெஸ்ஸிங் ஊறிய டேஷ்போர்டென்றால் பெயிண்டுக்கு முன் கிளீனரால் மூன்று முறையாவது கழுவுங்கள், இல்லையேல் மீன்கண் விழும்.

ஏர்பேக் மூடியில் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். விபத்தில் அந்த மூடி கணக்கிட்ட வரியில் கிழிந்து திறக்க வேண்டும். ஃபில்லரோ பசையோ பெயிண்ட் அடுக்கோ அந்த வரியை இறுக்கினால் மூடி திறக்கும் விதம் மாறும், துண்டுகள் பறக்கும். அங்கே வெடிப்பு வந்தால் பாகத்தையே மாற்றுவதுதான் வழி. ஒட்டி மறைக்கும் டேஷ்போர்டு உறைகளும் அந்த இடத்தை மூடக்கூடாது.

டயர், வைப்பர், பானட்டுக்குள்

டயரின் பக்கச்சுவர் பழுப்பாவது பெரும்பாலும் ஓசோன் தடுப்பு மருந்து மேலே வந்து ஆக்சிஜனேற்றமடைவது. அந்த மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. பழுப்பு பிடிக்கவில்லையென்றால் கழுவுங்கள். ஆனால் வாரந்தோறும் கடும் கிளீனர் போட்டு வெளுத்துக்கொண்டே இருந்தால் மருந்து தீர்ந்துபோகும். ஓடும் டயர் வளைந்து நிமிர்வதால்தான் உள்ளிருக்கும் மெழுகு மேலே வருகிறது. மாதக்கணக்கில் நிற்கும் காரின் டயர் சீக்கிரம் வெடிப்பதற்கு இது ஒரு காரணம். பக்கச்சுவரில் அச்சாகும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெஸ்ஸிங் போட்டு மறைத்த வெடிப்பும் வெடிப்புதான். வாங்கும்போது டயர் கறுப்பைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள்.

வைப்பர் ரப்பரில் எந்த டிரெஸ்ஸிங்கும் வேண்டாம். மழையில் கண்ணாடி முழுக்க மேகம்போல் பூசிவிடும். ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்தால் போதும். கோடு விட்டால் மாற்றிவிடுங்கள்.

பானட்டுக்குள் இருக்கும் ரப்பர்களுக்குப் பளபளப்பே தேவையில்லை. பெல்ட்டில் சத்தம் வந்தால் ஸ்ப்ரே அடித்து அடக்குவது பிழை. காரணம் இழுவிசையிலோ புல்லி நேர்க்கோட்டிலோ இருக்கும். பழைய நியோபிரீன் பெல்ட் தேய்ந்தால் வெடிப்பு காட்டும்; இன்றைய இபிடிஎம் பெல்ட் வெடிக்காமலே பள்ளங்கள் ஆழமாகித் தேயும். வெடிப்பு இல்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பிரேக் பாகங்களின் ரப்பருக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஒரு துளியும் ஆகாது. ஊதினால் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் போகலாம். அதற்கென்று சிவப்பு ரப்பர் கிரீஸ் இருக்கிறது.

இறுகிய இயற்கை ரப்பர்ப் பாகங்களை வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு பங்கு, ஆல்கஹால் மூன்று பங்கு கலந்து ஊறவைத்து இளக்கும் வழக்கம் பழைய வண்டிகளைப் பேணுபவர்களிடம் உண்டு. இளகுவது உண்மை. ஆனால் அது ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதியதால் வந்த மென்மை. எண்ணெய் வெளியேறினால் மறுபடி இறுகும். புதிது கிடைக்காத, அழுத்தமோ எரிபொருளோ இல்லாத பாகத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணெய் தோலில் ஊறினாலும் விழுங்கினாலும் நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ரேடியேட்டர் ஹோஸை வெளியே துடைத்துப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. இபிடிஎம் ஹோஸ் உள்ளிருந்து கெடும். உலோக இணைப்புகளுக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே ஏற்படும் மின்வேதி வினையால், முனைகளுக்கு அருகே உள்சுவரில் நுண்வெடிப்புகள் தோன்றும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கிளாம்ப்பிலிருந்து 5 செ.மீ.க்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்துங்கள், பிறகு ஹோஸின் நடுவில் அழுத்துங்கள். முனை நடுவைவிட மிருதுவாக இருந்தாலோ, உள்ளே பள்ளம்போல் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, வெளியே எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் ஹோஸை மாற்றுங்கள். கிளாம்ப்பையும் சேர்த்து.